உனக்கு ஒண்ணும் ஆகல, சரி... அவனுக்கு?

காரவள்ளியில் ஆரம்பித்தால் 70 கொண்டை ஊசி வளைவுகள். பைக்கில் கொல்லிமலை போகிற காலேஜ் கூட்டத்துக்கு அதுவே முதல் போதை. மேலே ஏறினதும் சோளக்காட்டுச் சந்தையில் பலாச்சுளை, செம்மேட்டில் டீ, அறப்பளீஸ்வரருக்கு ஒரு கும்பிடு. அப்புறம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கையில் ஒரு குளியல். இதுவரைக்கும் எல்லாருக்கும் ஒரே டூர்தான்.

கூட்டத்தில் ஒருத்தன் பாக்கெட்டிலிருந்து பொட்டலத்தை எடுக்கிற வரைக்கும்!

இனி வருவது எந்த ஒரு கல்லூரியின் கதையும் இல்லை. ஆனால் படிக்கிற பலருக்கும் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். நாலு பேர், ஒரே பொட்டலம். சிகரெட்டுக்குள் இருந்த புகையிலையை உதிர்த்துவிட்டு அடைத்த ஒரே குச்சி. ஆளுக்கு ரெண்டு இழுப்பு. முதலாமவன் காரணமே இல்லாமல் சிரிக்கிறான். ரெண்டாமவன் மிச்சமிருந்த சிப்ஸ் பாக்கெட்டைத் தேடுகிறான். மூணாமவன் பாறையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறான். நாலாமவனுக்குக் கை நடுங்குகிறது, நாக்கு வறள்கிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. "மச்சி, எனக்கு என்னமோ ஆகுதுடா... செத்துருவேன் போல இருக்குடா" என்கிறான்.

மற்ற மூணு பேரும் என்ன சொல்வார்கள்? அனேகமாக இதைத்தான்: "டேய், இது மூலிகைடா. சித்தருங்க அடிச்சது. எனக்கு ஒண்ணும் ஆகல, உனக்கு மட்டும் என்ன ஆகப்போகுது? சும்மா சீன் போடாத."

"எனக்கு ஒண்ணும் ஆகல, உனக்கும் ஆகாது." கஞ்சாவைப் பற்றிப் பேசப்படுகிற பொய்களில் ஆபத்தான பொய் இதுதான். பாதி உண்மையாக இருப்பதால்தான் இது ஆபத்து. சொல்கிறவனுக்கு நிஜமாகவே ஒன்றும் ஆகியிருக்காது!

முதலில் சித்தர்களை விட்டுவிடுங்கள்

கொல்லிமலையில் கஞ்சாவுக்கு ஒரு ரெடிமேட் வக்கீல் இருக்கிறார். கோரக்கர். ஆகாய கங்கைப் பக்கம் காட்டுக்குள் கோரக்கர் குகை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். கஞ்சாவுக்கே 'கோரக்கர் மூலி' என்று ஒரு பெயர் உண்டு. போதாதா? "பாத்தியா, சித்தரே சர்டிபிகேட் குடுத்துட்டார்" என்று கிளம்பிவிடுகிறது ஒரு கூட்டம்.

சரி, சித்த மருத்துவத்தையே கேட்டுப் பார்க்கலாம். அந்த வைத்தியத்தில் எந்த நஞ்சுப் பொருளையும் அப்படியே கொடுப்பதில்லை, முதலில் சுத்தி செய்ய வேண்டும். அப்புறம் நாடி பிடிக்க வேண்டும். வாத உடம்பா, பித்த உடம்பா, கப உடம்பா என்று பார்க்க வேண்டும். வயசு, பருவம், பசி, தூக்கம் எல்லாம் விசாரிக்க வேண்டும். பாலில் கொடுப்பதா, நெய்யிலா, தேனிலா என்று அனுபானம் சொல்ல வேண்டும். அளவு சொல்ல வேண்டும். கடைசியில் பத்தியம் வேறு.

இவ்வளவு நிபந்தனையும் எதற்கு? ஒரே மருந்து எல்லா உடம்பிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது என்பதற்குத்தான். ஆள் மாறினால் மருந்தும் மாற வேண்டும் என்பது அந்த வைத்தியத்தின் அடிப்படைப் பாடம். அந்தப் பாடத்தை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு, கோரக்கரின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, ஊர் பேர் தெரியாத பொட்டலத்தை நாலு பேர் வாயில் மாற்றி மாற்றி வைப்பதற்கும் சித்தர்களுக்கும் என்ன சம்பந்தம்? பத்தியம் இருக்கட்டும். அந்த நாலாமவன் காலையில் சாப்பிட்டானா என்றாவது யாராவது கேட்டார்களா?

மண்டைக்குள் என்ன நடக்கிறது?

கஞ்சாவில் ஆளை ஏற்றுகிற சமாச்சாரத்தின் பெயர் டிஎச்சி. 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியல் காவோனியும் அதைத் தனியாகப் பிரித்து அமைப்பைச் சொன்னார்கள். அது மூளையில் போய் உட்காருகிற இடத்துக்கு சிபி-1 ஏற்பி என்று பெயர். கஞ்சாவுக்காகவா கடவுள் மூளையில் நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்? கிடையாது. உடம்பே அதேபோன்ற ஒரு பொருளைத் தயாரிக்கிறது. 1992-ல் மெக்கூலம் குழு அதைக் கண்டுபிடித்து வைத்த பெயரைக் கேளுங்கள்: 'ஆனந்தமைடு'. நம்ம ஊர் 'ஆனந்தம்'தான்!

இந்த ஆனந்தமைடு அளவாகச் சுரந்து, வேலை முடிந்ததும் ஒரு என்சைமால் உடைக்கப்பட்டுவிடும். பயம், பதற்றம் ஆகியவற்றுக்கு மணியடிக்கிற அமிக்டலா என்ற பகுதியிலும் சிபி-1 ஏற்பிகள் இருக்கின்றன. அங்கே பயத்தை ஏற்றுகிற நரம்புகளும் உண்டு, இறக்குகிற நரம்புகளும் உண்டு. டிஎச்சி ரெண்டின் மீதும் போய் உட்காரும். எந்தப் பக்கம் கை ஓங்குகிறதோ அதைப் பொறுத்துத்தான் ஒருத்தனுக்கு 'அப்பாடா', இன்னொருத்தனுக்கு 'அய்யோ'.

ஆரம்பப் புள்ளியே ஆளுக்கு ஆள் வேறு என்பதும் தெரிந்ததுதான். ஆனந்தமைடை உடைக்கிற என்சைம் சிலருக்குப் பிறவியிலேயே மந்தம். அப்படிப்பட்டவர்களுக்கு அந்தப் பொருள் ரத்தத்தில் கூடுதலாக இருக்கிறது என்றும், சராசரியாகப் பதற்றம் குறைவு, பயமும் சீக்கிரம் அடங்குகிறது என்றும் 2015-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. அதாவது, குச்சியைக் கையில் வாங்குவதற்கு முன்பே நாலு பேரும் நாலு இடத்தில் நிற்கிறார்கள்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. டிஎச்சி இதயத்துடிப்பைக் கூட்டும். இது கிட்டத்தட்ட எல்லாருக்கும் நடக்கும். முதலாமவன் அதைக் கவனிக்கக்கூட மாட்டான். ஆனால் ஏற்கெனவே பதற்ற சுபாவம் உள்ளவன், படபடப்பு வந்தாலே "ஹார்ட் அட்டாக்கோ" என்று நினைக்கிறவன், என்ன செய்வான்? துடிப்பு கூடும், பயம் வரும், பயத்தால் துடிப்பு இன்னும் கூடும். ஆகாய கங்கைப் படிகளை இறங்கி ஏறினாலே நல்ல உடம்பும் மூச்சு வாங்கும். அந்த உடம்பில் இதையும் ஏற்றினால்? அவன் சீன் போடவில்லை சாமி, நிஜமாகவே சாகப்போகிறோம் என்று நம்புகிறான்.

அளவு என்ற அரக்கன்

ஆள் வித்தியாசம் ஒரு பக்கம். ஒரே ஆளுக்குள்ளேயே அளவு மாறினால் விளைவு தலைகீழாகும் என்பது இன்னொரு பக்கம்.

சிகாகோவில் 2017-ல் ஒரு சோதனை வெளியானது. எப்போதாவது கஞ்சா பயன்படுத்தியிருந்த 42 ஆரோக்கியமான ஆட்களைப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வெறும் மாத்திரை, ஒரு பிரிவுக்கு 7.5 மில்லிகிராம் டிஎச்சி, மூன்றாவது பிரிவுக்கு 12.5 மில்லிகிராம். அப்புறம் எல்லாரையும் இன்டர்வியூ மாதிரி பேசச் சொன்னார்கள், மனக்கணக்குப் போடச் சொன்னார்கள். 7.5 வாங்கியவர்களுக்கு அந்த டென்ஷன் குறைந்தது. 12.5 வாங்கியவர்களுக்கோ மனநிலை கெட்டது, அதுவும் பேச ஆரம்பிப்பதற்கு முன்பிருந்தே!

வித்தியாசம் எவ்வளவு? 5 மில்லிகிராம். ஒரு கிராமில் இருநூறில் ஒரு பங்கு. இதை ஆய்வகத்தில் அளந்து கொடுக்க முடியும். பொட்டலத்தில் யார் அளப்பது? ஆந்திரா-ஒடிசா எல்லையிலிருந்து மூட்டையில் வருகிற சரக்கும், சென்னை விமான நிலையத்தில் அடிக்கடி பிடிபடுகிற 'ஹைட்ரோபோனிக்' சரக்கும் ஒரே வீரியமா? ரெண்டு ரூபாய் மிட்டாய் உறையில்கூட என்னென்ன சேர்த்தார்கள் என்று அச்சடித்திருக்கிறது. பொட்டலத்தில் பழைய செய்தித்தாள்தான் அச்சடித்திருக்கிறது.

கஞ்சா சாக்லேட் கதை இன்னும் மோசம். புகை சில நிமிஷத்தில் தெரிந்துவிடும். தின்றது ஏற அரை மணியிலிருந்து ரெண்டு மணி நேரம் ஆகலாம். "ஒண்ணுமே ஏறலையே மாப்ள" என்று இன்னொன்றைத் தின்கிறவன், ரெண்டும் சேர்ந்து ஏறும்போது நிறுத்த வழி இல்லாமல் மாட்டிக்கொள்கிறான். ஏறினது இறங்கப் பல மணி நேரம் ஆகும்.

"எனக்கு டென்ஷன் போகுதே!"

போகலாம். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. அரியர் எழுதப் போகிற ராத்திரி குறைந்த அளவு சிலருக்கு மனசை லேசாக்கும் என்பதை மேலே சொன்ன சோதனையே காட்டுகிறது. ஆனால் கணக்கை அந்த வரியோடு மூடிவிட்டால், அது சொத்துப் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுப் பொறுப்புப் பக்கத்தைக் கிழித்துப் போட்ட பேலன்ஸ் ஷீட். பி.காம். முதல் வருஷப் பையன்கூட அதற்குப் பாஸ் மார்க் போட மாட்டான்.

பொறுப்புப் பக்கத்தில் என்ன இருக்கிறது? தினமும் அடிக்கிறவன் உடம்பு பழகிவிடும், அதே நிம்மதிக்கு அளவைக் கூட்ட வேண்டும். திடீரென்று நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, பதற்றம் வரும். 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மனநோய்க் கையேட்டில் கஞ்சாவை நிறுத்துவதால் வரும் இந்தத் தொந்தரவு தனியாகவே பட்டியலிடப்பட்டிருக்கிறது. ஆனால் அடிக்கிறவன் அதை எப்படிப் படிக்கிறான்? "பாத்தியா, ரெண்டு நாள் அடிக்காம இருந்தா டென்ஷன் ஆகுது. அப்போ இதுதான் எனக்கு மருந்து!" கடன் வாங்கி வட்டி கட்டுகிறவன் "இந்தக் கடன் மட்டும் இல்லேன்னா வட்டியே கட்டியிருக்க முடியாது" என்று சொல்வது போல இருக்கிறது.

எல்லாருக்கும் வட்டி விகிதமும் ஒன்றல்ல. குடும்பத்தில் மனச்சிதைவு போன்ற நோய் இருந்தவர்கள், சின்ன வயசிலேயே ஆரம்பித்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம் என்பதை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். வீரியம் அதிகமான கஞ்சாவைத் தினமும் பயன்படுத்தியவர்களிடம் மனப்பிறழ்வுக்கான வாய்ப்பு, தொடாதவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்து 2019-ல் வெளியான ஆய்வு காட்டியது. நாலாமவனின் சித்தப்பாவுக்கு என்ன நோய் இருந்தது என்று ஹாஸ்டல் நண்பர்களுக்குத் தெரியுமா? பல வீடுகளில் அவனுக்கே சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஷேர் மார்க்கெட்டில் காசு பண்ணினவன் டீக்கடையில் உட்கார்ந்து சத்தமாகப் பேசுவான். தொலைத்தவன் பேசாமல் வீட்டில் இருப்பான். கஞ்சாவிலும் அப்படித்தான். "செமயா இருந்துச்சு" என்பவன் கேன்டீனில் கதை சொல்கிறான். ராத்திரி முழுக்க நடுங்கினவன் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் "வீக்கு பையன்" என்று பேர் வைத்துவிடுவார்கள்!

இப்போது எதிர்க்கட்சிக்கு

இதுவரைக்கும் படித்துவிட்டு "சபாஷ், நாங்க அப்பவே சொன்னோமே" என்று கைதட்டுகிறவர்கள் கொஞ்சம் இருங்கள். உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

"ஒரு முறை தொட்டால் பைத்தியம்தான்" என்று மேடையில் பேசுகிறீர்கள், மண்டை ஓடு படம் போட்டு பேனர் வைக்கிறீர்கள், உறுதிமொழி எடுக்க வைத்து போட்டோ எடுத்துக்கொள்கிறீர்கள். கேட்கிற பையனுக்கு ஏற்கெனவே ரெண்டு பேரைத் தெரியும். தொட்டவர்கள்தான், ஆனால் பைத்தியம் ஆகவில்லை. ஒருத்தன் கிளாஸ் பர்ஸ்ட் வேறு! அவ்வளவுதான், நீங்கள் சொன்ன உண்மைகளும் அந்த ஒரு பொய்யோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடுகின்றன. 'ஒண்ணும் ஆகாது' என்பவனும் 'பைத்தியம்தான் ஆவாய்' என்பவனும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். ரெண்டு பேரும் எல்லா உடம்பும் ஒன்று என்று நினைக்கிறார்கள்.

இந்தச் சண்டை புதுசு இல்லை. 1893-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் எழுந்த கேள்வியால் இந்தியாவில் கஞ்சா பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். மெட்ராஸ் மாகாணம் உட்படப் பல இடங்களில் 1,193 சாட்சிகளை விசாரித்து, 7 பாகங்களில் 3,000 பக்கங்களுக்கு மேல் அறிக்கை கொடுத்தது அந்தக் கமிஷன். பைத்தியக்கார விடுதிகளின் பதிவேடுகளை வைத்துத்தான் அதுவரை "கஞ்சாவால் பைத்தியம்" என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கமிஷன் ஒவ்வொரு கேஸாகத் தோண்டியது. காரணம் என்ற கட்டத்தில் பல சமயம் போலீஸ்காரர்கள் கேள்விப்பட்டதை எழுதியிருந்தார்கள். 1892-ல் கஞ்சாவின் தலையில் எழுதப்பட்ட கேஸ்களில் பாதிக்கும் மேல் விசாரணையில் நிற்கவில்லை.

ஆனால் அதே கமிஷன் "ஒண்ணும் ஆகாது" என்றும் எழுதவில்லை. அளவு மீறினால் கெடுதல் என்றது. மிதமாகப் பயன்படுத்துபவர்களுக்குப் பொதுவாக மனக்கேடு இல்லை, ஆனால் நரம்புத் தளர்ச்சியான சுபாவம் உள்ள சிலருக்கு மிதமான அளவே கெடுதல் செய்யலாம் என்றது. ஆளைப் பார், அளவைப் பார் என்று நூற்று முப்பது வருஷத்துக்கு முன்பே அச்சில் வந்துவிட்டது. இன்னும் ரெண்டு கட்சியும் அதைப் படித்த மாதிரி தெரியவில்லை.

நாலாமவன் இன்னும் பாறை மேல்தான் இருக்கிறான்

இவ்வளவு வாதத்துக்கு நடுவில் அவனை மறந்துவிடக் கூடாது. அவனை ஏன் யாரும் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை? நண்பர்களுக்கு இரக்கம் இல்லாததாலா? அனேகமாக பயத்தால்தான். போலீஸ் பயம், காலேஜ் பயம், வீட்டுப் பயம்.

பயம் சும்மா வரவில்லை. 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா பயன்படுத்தினாலே 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். ஒரு கிலோ வரை 'சிறிய அளவு' என்றாலும், கையில் வைத்திருந்ததற்கு ஒரு வருஷம் வரை சிறை கிடைக்கலாம். 'கஞ்சா வேட்டை' என்ற பெயரில் தமிழ்நாடு போலீஸ் நடத்திய நடவடிக்கைகளை எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் அதே சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவும் இருக்கிறது. அடிமையாகிவிட்டவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் மாட்டினாலும், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற இடத்திலோ சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குக் கிடைக்க வழி உண்டு. எத்தனை கல்லூரிக் கூட்டங்களில் இந்தப் பிரிவைச் சொல்கிறார்கள்? தண்டனையை மட்டும் பேனரில் போட்டுவிட்டு, தப்பிக்கும் வாசலை ஏன் மறைக்க வேண்டும்?

விற்கிறவனைப் பிடியுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் நடுங்குகிற பையனைக் கூட்டிக்கொண்டு வருகிற நண்பனுக்கு 'உன் மேல் நடவடிக்கை வராது' என்று ஒரு கல்லூரியாவது எழுதி ஒட்டட்டும். நூறு உறுதிமொழியைவிட அந்த ஒரு நோட்டீஸ் அதிகம் பேரைக் காப்பாற்றும்.

அதுவரைக்கும் அந்த மூணு பேர் செய்ய வேண்டியது இதுதான். சிரிக்காதீர்கள், வீடியோ எடுக்காதீர்கள், தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். அருவியும் பாறை விளிம்பும் இல்லாத அமைதியான இடத்தில் உட்கார வையுங்கள். "இது இறங்கிடும், நாங்க இருக்கோம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மெதுவாக மூச்சு விடச் சொல்லுங்கள், கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். பதற்றத்தை அடக்க மேலே பீரை ஊற்றாதீர்கள். நெஞ்சுவலி, வலிப்பு, மயக்கம், நிற்காத வாந்தி, இல்லாததைப் பார்த்துப் பேசுவது ஆகியவற்றில் எது வந்தாலும் 108. என்ன அடித்தான், எவ்வளவு, எப்போது என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முக்கியமாக, பைக் சாவி யார் கையிலும் இருக்கக் கூடாது. சிரித்துக்கொண்டே இருந்தவன் கையிலும்தான். கீழே இறங்க அதே 70 வளைவுகள் காத்திருக்கின்றன.

ஊருக்குத் திரும்பின பிறகும் பதற்றம் போகவில்லை என்றால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. கஞ்சாவுக்கு முன்பிருந்தே பதற்றம் இருந்தவனுக்கு வேறு சிகிச்சைகள் இருக்கின்றன. அந்தச் சிகிச்சையில் அவனை உட்காரவைத்து, அவன் உடம்பைக் கேட்டு, அவனுக்கான அளவைச் சொல்வார்கள். கோரக்கர் பரம்பரையும் அதைத்தானே செய்தது?

கொல்லிப்பாவை பற்றி அந்த மலையில் ஒரு கதை சொல்வார்கள். சிரித்து மயக்கியே ஆளைக் கொல்லும் பதுமையாம். யாரைக் கொல்லும், யாரை விடும் என்று அந்தச் சிரிப்பை வைத்துச் சொல்ல முடியாது. அடுத்த தடவை பொட்டலம் கைமாறும்போது ஒருத்தன் "எனக்கு வேண்டாம் மாப்ள" என்றால், அவனை விட்டுவிடுங்கள். அவன் உடம்பு அவனுக்குத்தான் தெரியும். "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

உனக்கு ஆகல. சரி, சந்தோஷம். அவனுக்கு?